காட்சியும் கைவினையும்: எர்ன்ஸ்ட் ஃபுக்ஸின் ஓவிய உலகம்

1. ஆய்வு வினா

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கு ஐரோப்பிய ஓவியம் பெருமளவுக்கு உருவங்களைக் கைவிட்டு அருவத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, கேருபீன்கள் என்ற விண்தூதர்களையும் தீர்க்கதரிசிகளையும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளையும் பழைய ஜெர்மானிய ஓவியர்களுக்கே உரிய நுண்மையோடு தீட்டியவர் ஆஸ்திரிய ஓவியர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் (1930–2015). கலை வரலாற்றில் 'வியன்னா மிகுபுனைவு எதார்த்தப் பள்ளி' என்று அறியப்படும் குழுவை உருவாக்கிய ஐவரில் அவரும் ஒருவர். உலகில் எங்கும் இல்லாத உருவங்களையும் வெளிகளையும், அவை கண்ணெதிரே இருப்பவை போன்ற துல்லியத்தோடு வரைவதை மிகுபுனைவு எதார்த்தம் என்பர். கற்பனை எவ்வளவு கட்டற்றுச் செல்கிறதோ அவ்வளவுக்குக் கைவேலை கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் எழுதப்படாத விதி. இந்தக் குழுவுக்குள் ஃபுக்ஸைத் தனித்து நிறுத்துவது, தாம் தீட்டிய உருவங்கள் தம் புனைவில் பிறந்தவை என்பதைவிடத் தமக்குக் காட்டப்பட்டவை என்றே அவர் கருதியதாகும். அவரைத் தரிசன ஓவியர் என்று அழைக்கும் வழக்கம் அதிலிருந்தே தோன்றியது.

இப்படிப்பட்ட ஓர் உரிமைகோரலை ஓவியத்தின் முன் நிற்கும் பார்வையாளர் எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. ஓவியர் தம் அகத்தில் எதைக் கண்டார் என்பதைப் பிறர் சோதித்தறிய வழியில்லை. பலகையின்மேல் அவர் என்ன செய்தார் என்பதைச் சோதித்தறிய முடியும். ஃபுக்ஸின் தரிசனத்துக்கு நம்பகத்தன்மை தருவது, ஒவ்வொரு விரற்கடைப் பரப்பிலும் அவர் செலுத்திய உழைப்பின் அடர்த்தியே. அந்த அடர்த்தி தளர்ந்த இடங்களில் தரிசனமும் அலங்காரமாகத் தேய்ந்துவிடுகிறது. அவருடைய வாழ்க்கை, நுட்பம், கோட்பாடு, பிற்காலப் பணி ஆகியவற்றை வரிசையாக ஆராய்ந்து இந்தக் கருத்தை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

2. இதுவரையிலான மதிப்பீடுகள்

ஃபுக்ஸைப் பற்றிய மதிப்பீடுகளைப் பொதுவாக இரு அணிகளாகப் பிரிக்கலாம். முதல் அணியினர் அவரை ஒரு ஞானியாகவே காண்கின்றனர். யூத மறைஞானம், கிறித்தவத் திருவெளிப்பாடு, ரசவாதக் குறியீடுகள், பண்டைய எகிப்திய, அசீரியச் சிற்பங்கள் ஆகியவற்றின் பொருளை அவருடைய ஓவியங்களில் தேடிச் சேர்த்து, ஓவியத்தை ஒரு மறைநூலைப் போல வாசிக்கின்றனர். இரண்டாம் அணியினர், குறிப்பாக நவீனத்துவ விமரிசன மரபில் வந்தவர்கள், அவரைக் காலம் கடந்து பிறந்த ஒரு பழைமைவாதியாகவும், பிற்காலத்தில் மிகையலங்காரத்துக்கும் மலினச் சுவைக்கும் இடம்கொடுத்தவராகவும் மதிப்பிடுகின்றனர்.

இரு அணிகளும் எதிரெதிராகத் தோன்றினாலும் அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. முதல் அணி ஓவியத்தின் பொருளை மட்டும் பேசுகிறது. இரண்டாம் அணி ஓவியத்தின் பாணியை மட்டும் பேசுகிறது. ஓவியம் எவ்வாறு செய்யப்பட்டது என்ற கேள்வி இரண்டிலும் ஓரங்கட்டப்படுகிறது. ஐம்பதுகளில் செய்த ஒரு சிறு பலகை ஓவியத்தையும் எண்பதுகளில் செய்த ஒரு பெரிய சுவரோவியத்தையும் ஒரே தரத்தில் வைத்துப் போற்றுவதோ ஒரே வீச்சில் ஒதுக்குவதோ இந்தப் புறக்கணிப்பின் விளைவே. அவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டுமானால் ஓவியரின் பயிற்சியும் பயன்படுத்திய பொருள்களும் முதலில் கணக்கில் வர வேண்டும்.

3. இரு மரபுகளுக்கிடையே ஒரு குழந்தைப் பருவம்

ஃபுக்ஸ் 1930ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். தந்தை மாக்ஸிமிலியன் ஃபுக்ஸ் வைதிக யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; தாய் லியோபோல்டினா கிறித்தவர். 1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு, அக்காலத்தில் ஐரோப்பிய யூதர் பலருக்குப் புகலிடமாக விளங்கிய ஷாங்காய் நகருக்குத் தந்தை தப்பிச் சென்றார். மகனும் தாயும் வியன்னாவிலேயே தங்கினர். நாஜிச் சட்டங்களின்படி 'கலப்பினத்தவர்' என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவன், அத்தகைய குழந்தைகளுக்கான இடைத்தங்கல் முகாமுக்கு அனுப்பப்பட்டான். அவனை மீட்பதற்காகத் தாய் சட்டப்படி மணவிலக்குப் பெற்றார். 1942இல் அவனுக்குக் கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்கு அளிக்கப்பட்டதும் உயிர்காக்கும் ஏற்பாடாகவே நிகழ்ந்தது.

இந்த வாழ்க்கைக் குறிப்புகள் ஓவியங்களுக்கு நேரடி விளக்கமாக அமைந்துவிடா. எனினும் அவர் பின்னாளில் தேர்ந்துகொண்ட கருப்பொருள்களின் வரிசையை நோக்கினால், எபிரேய விவிலியமும் கிறித்தவ நற்செய்தியும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே பரப்பில் நிற்பதைக் காணலாம். ஒரு மரபு உயிருக்கு ஆபத்தாகவும் மற்றொரு மரபு கவசமாகவும் அமைந்த பருவத்தில் வளர்ந்த ஒருவர், வயது வந்த பின் இரண்டையும் தம் சொந்த விருப்பத்தோடு மீண்டும் கைக்கொண்டார் என்று இதைப் பொருள்கொள்வது பொருத்தமானது. 1964 முதல் 1967 வரை அவர் செய்த எஸ்தர் செதுக்கோவிய வரிசை இதற்கு நல்ல சான்று. ஓர் இனத்தையே அழிக்கப் பிறப்பிக்கப்பட்ட ஆணையை, தன் பிறப்பை மறைத்து அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண் முறியடித்த கதை அது. நாஜிக்களின் வியன்னாவில் உயிர்தப்பிய ஒருவர் மூன்றாண்டுகளைச் செலவிட்டு அந்தக் கதையை உலோகத் தகட்டில் செதுக்கியதைத் தற்செயல் என்று கருதுவது கடினம்.

4. இடிபாடுகளின் நகரமும் ஐவர் குழுவும்

போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, பதினைந்து வயதில், ஃபுக்ஸ் வியன்னா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் நகரின் ஆப்பெரா அரங்கு குண்டுவீச்சில் அழிந்திருந்தது. ஏப்ரலில் புனித ஸ்தேவான் பேராலயத்தின் கூரை எரிந்து விழுந்திருந்தது. நான்கு நேச நாடுகள் பங்கிட்டு ஆண்ட அந்த நகரில், முதலில் ராபின் ஆண்டர்சனிடமும் பின்னர் ஆல்பர்ட் பாரிஸ் கூட்டர்ஸ்லோவிடமும் அவர் பயின்றார். ஓவியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய கூட்டர்ஸ்லோ, ஓவியர்கள் கிளிம்ட், ஷீலே ஆகியோரின் காலத்து வியன்னாவை நேரில் அறிந்தவர். போருக்கு முந்தைய நவீன மரபுக்கும் புதிய தலைமுறைக்கும் இடையே அறுந்துபோயிருந்த தொடர்பை அவருடைய வகுப்பு மீண்டும் இணைத்தது.

அந்த வகுப்பையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்த ருடால்ஃப் ஹவுஸ்னர், ஆரிக் பிரவர், வோல்ஃப்காங் ஹுட்டர், அன்டன் லேம்டென் ஆகியோருடன் ஃபுக்ஸ் இணைந்து இயங்கினார். அவர்களுடைய தொடக்கப் படைப்புகள்மீது சர்ரியலிசத்தின் செல்வாக்குப் படிந்திருந்தது. கனவு நிலையையும் நனவிலி மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட அந்த இயக்கத்தை, எட்கார் ஜெனே என்ற ஓவியரும் ஓட்டோ பாஸில் நடத்திய 'பிளான்' என்ற இதழும் வியன்னாவில் அறிமுகப்படுத்தியிருந்தனர். எனினும் பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் போற்றிய தன்னியக்க எழுத்து, அதாவது அறிவின் தலையீடின்றிக் கையை ஓடவிடும் முறை, ஃபுக்ஸுக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை. அவருடைய கை ஓடவில்லை, ஊர்ந்தது. பதின்ம வயதில் அவர் வரைந்த கூர்மையான பென்சில் ஓவியங்களிலேயே, ஒரு தோளின் தசைநாரையும் ஒரு பூச்சியின் இறகையும் ஒரே பொறுமையோடு தொடரும் கோடுகளைக் காணலாம். இந்த வேறுபாட்டைக் கருதியே விமரிசகர் யோஹான் முஷிக் 1950களில் அந்தக் குழுவுக்கு மிகுபுனைவு எதார்த்தம் என்ற தனிப்பெயரை வழங்கினார். 1959இல் மேல் பெல்வெடேர் அரண்மனையில் நடந்த கண்காட்சி ஐவரையும் பரவலாக அறியச்செய்தது.

இந்தப் போக்கு வியன்னாவில் வேரூன்றியதற்கு இடமும் ஒரு காரணம். உலகிலேயே மிகப் பெரிய புரூகல் ஓவியத் தொகுதி அந்நகரின் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உரியது; ஹீரோனிமஸ் பாஷ் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' என்ற முப்பலகை ஓவியம் ஃபுக்ஸ் பயின்ற நுண்கலைக் கழகத்தின் சொந்தத் தொகுப்பிலேயே உள்ளது. விலங்குத் தலையும் மனித உடலும் கொண்ட கொடூர உருவங்கள் நுண்மையாகத் தீட்டப்பட்ட மரபு அங்குள்ள மாணவர்களுக்குத் தொலைவிலிருந்து வந்த செய்தியாக இருக்கவில்லை.

ஆனால் அந்த மரபை அப்போது கையில் எடுப்பது எளிய செயலன்று. நாஜி ஆட்சி நவீன ஓவியத்தை 'சீரழிந்த கலை' என்று பழித்து 1937இல் மியூனிக்கிலும் 1939இல் வியன்னாவிலும் இழிவுக் கண்காட்சி நடத்தியது. டியூரர் போன்ற பழைய ஜெர்மானிய மேதைகளைத் தன் இனப்பெருமைக்குச் சான்றாக்கிக்கொண்டது. ஆகவே 1945க்குப் பிறகு அருவ ஓவியம் விடுதலையின் அடையாளமாகவும், நுண்மையான உருவ ஓவியம் ஐயத்துக்குரியதாகவும் பார்க்கப்பட்டன. வியன்னாவில் அருவ ஓவியத்துக்கு அரணாக நின்றவர் ஓட்டோ மவுவர் என்ற கத்தோலிக்கக் குருவே. 1954இல் அவர் தொடங்கிய காட்சிக்கூடம் புதிய அருவ ஓவியர்களின் மையமாயிற்று. திருச்சபையைச் சேர்ந்தவர் அருவத்தை ஆதரிக்க, யூதத் தந்தைக்குப் பிறந்த ஓவியர் விவிலிய உருவங்களை டியூரரின் நுண்மையோடு வரைந்தது, அந்தக் காலத்தின் வழக்கமான அணிசேர்க்கைகளுக்குள் அடங்காத ஒரு நிகழ்வு. நவீனத்துவ விமரிசகர்கள் இதைப் பழைமைக்குத் திரும்புதல் என்று வாசித்தனர். கொலையாளிகள் தமதாக்கிக்கொண்ட ஒரு பாரம்பரியத்தை, அவர்களிடமிருந்து உயிர்தப்பிய ஒருவர் மீட்டெடுத்த செயலாகவும் அதை வாசிக்க இடமுண்டு. அவருடைய வாழ்க்கைப் பின்னணி இந்த இரண்டாம் வாசிப்புக்கே வலுச்சேர்க்கிறது.

ஃபுக்ஸ் புதுமையை எதிர்த்தவராகவும் இருக்கவில்லை. 1951இல் ஆர்னுல்ஃப் ரைனர் உள்ளிட்டோருடன் 'நாய்க்குழு' என்ற கலகக் குழுவிலும், 1959இல் ரைனர், ஹுண்டர்ட்வாஸர் ஆகியோருடன் 'பின்டோராரியம்' என்ற சுதந்திரக் கலைப்பள்ளித் திட்டத்திலும் அவர் பங்குகொண்டார். ரைனர் பின்னாளில் பிறர் ஓவியங்களின்மீது கறுப்பைப் பூசி மறைக்கும் பாணியால் புகழ்பெற்றவர். மறைப்பவரும் நுணுகி வெளிப்படுத்துபவரும் ஒரே மேடையில் நின்ற வியன்னாவை, அருவம் எதிர் உருவம் என்ற எளிய பிரிவினையால் விளக்கிவிட முடியாது.

5. பாரிஸ், ஜெருசலேம்

1950ஐ ஒட்டிப் பாரிஸுக்குச் சென்ற ஃபுக்ஸ் 1960களின் தொடக்கம் வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். வறுமை மிகுந்த அந்த ஆண்டுகளில் ஜெர்மானிய மறைஞானி மைஸ்டர் எக்கார்ட்டின் மறையுரைகளையும், ரசவாதக் குறியீடுகளை உளவியல் நோக்கில் ஆராய்ந்த யுங்கின் எழுத்துகளையும் ஆழ்ந்து கற்றார். யான் வான் ஐக், ஜான் ஃபூக்கே ஆகிய பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர்களும், நுண்மையான செதுக்கோவியங்களால் பெயர்பெற்ற ஜாக் கல்லோவும் அவருக்கு முன்மாதிரிகளாயினர். 1950 முதல் 1952 வரை உருவான ஒற்றைக்கொம்புக் குதிரை வரிசை இந்தக் காலத்தது. இடைக்காலக் கிறித்தவத்தில் தூய்மைக்கும் மனிதனாகப் பிறந்த இறைவனுக்கும் குறியீடான அந்த விலங்கை, வன்முறையும் இச்சையும் நிறைந்த காட்சிகளுக்குள் அவர் கொண்டுவந்தார். புனிதக் குறியீட்டை உடலின் வேதனைக்குள் வைத்துப் பார்க்கும் இந்தப் போக்கு அவருடைய சமய ஓவியம் முழுவதிலும் தொடர்கிறது.

உயிர்காக்கும் ஏற்பாடாகச் சிறுவயதில் வந்த கத்தோலிக்கத்தை 1956இல் அவர் தம் விருப்பத்தோடு தழுவினார். 1957இல் ஜெருசலேமின் சீயோன் மலையிலுள்ள டோர்மிஷன் துறவு மடத்துக்குச் சென்று தங்கி, அங்கே பேரளவிலான 'இறுதி இராவுணவு' ஓவியத்தைத் தொடங்கினார். எரியும் முட்செடியின் முன் நிற்கும் மோசேயைப் போன்ற சிறு அளவு ஓவியங்கள் பலவும் இந்த ஆண்டுகளில் உருவாயின. ஃபுக்ஸின் தரிசன ஓவியம் தன் முழு வலிமையை எட்டியது இக்கட்டத்தில்தான். தீயை எரிவதாகவும் அழிக்காததாகவும் ஒருசேரக் காட்ட வேண்டிய இத்தகைய கருப்பொருளுக்கு, ஒளியைப் பரப்பின்மீது பூசுவது போதாது. ஒளி பரப்பின் உள்ளிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். இந்தத் தேவையே அவருடைய நுட்பத்தைத் தீர்மானித்தது.

6. கலப்பு நுட்பம்: ஒளியை அடுக்கும் முறை

ஃபுக்ஸும் அவருடைய வழிவந்தவர்களும் கையாண்ட முறைக்குக் கலப்பு நுட்பம் என்று பெயர். நீரில் கரையும் முட்டைச் சாயத்தையும் எண்ணெய்-பிசின் வண்ணத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறிமாறிப் பயன்படுத்துவது இதன் அடிப்படை. முதலில் மரப்பலகையின்மீது சுண்ணப்பொடியும் வச்சிரப் பசையும் கலந்த பூச்சு பலமுறை இடப்பட்டுத் தந்தம்போல வழவழப்பாகும்வரை தேய்க்கப்படுகிறது. அதன்மேல் ஓவியத்தின் கோட்டுருவம் முழுமையாக வரையப்படுகிறது. பின்னர் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் படலம் ஒன்று பரப்பு முழுவதும் பூசப்பட்டு நடுத்தரமான ஒரு நிறப்பின்னணி உருவாகிறது. அந்தப் பின்னணியின்மேல், முட்டையும் எண்ணெயும் டாமர் என்ற குங்கிலிய வகைப் பிசினும் நீரும் கலந்த குழம்பில் குழைத்த வெள்ளையைக்கொண்டு, ஒளிபடும் இடங்கள் மட்டும் மிக மெல்லிய தூரிகையால் கோடு கோடாக எழுப்பப்படுகின்றன. அது உலர்ந்ததும் அடுத்த வண்ணப் படலம். அதன்மேல் மீண்டும் வெள்ளைக் கோடுகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற வரிசையில் இந்தச் சுற்றுத் தொடர்கிறது.

இதன் விளைவு ஒளியியல் சார்ந்தது. ஓவியத்தின்மீது விழும் ஒளி, ஒளி ஊடுருவும் படலங்களைக் கடந்து உள்ளே சென்று, அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி, அதே படலங்களின் வழியாக மீண்டும் வெளியே வருகிறது. இருமுறை வண்ணத்துக்குள் பயணம் செய்த அந்த ஒளி, பரப்பின்மேல் பூசிய வண்ணத்தைவிட ஆழமானதாகவும் உள்ளிருந்து எழுவதாகவும் கண்ணுக்குப் படுகிறது. 1960களில் ஃபுக்ஸ் தீட்டிய கேருபீன் தலைகளின் மணிக்கற்களும் தலைக்கவசங்களும் தாமே ஒளிர்வதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். அருகில் சென்று நோக்கும்போது ஒரு கன்னத்தின் வளைவு நூற்றுக்கணக்கான மயிரிழைக் கோடுகளாகப் பிரிகிறது. சற்றே விலகினால் அவை ஒரே சதைப்பரப்பாக இணைகின்றன.

இந்த முறை வான் ஐக்கின் இழந்த ரகசியம் என்ற நம்பிக்கையோடு பரவியது. அதற்கு மூலம், மியூனிக் ஆசிரியர் மாக்ஸ் டோர்னர் 1921இல் வெளியிட்ட ஓவியப் பொருள்கள் பற்றிய கைநூல். முட்டைச் சாயத்தையும் எண்ணெய் வண்ணத்தையும் மாறிமாறி அடுக்கியே பழைய பிளெமிஷ் ஓவியர்கள் அந்த ஒளிர்வைப் பெற்றனர் என்பது டோர்னரின் ஊகம். லண்டன் தேசிய ஓவியக்கூடம் போன்ற நிறுவனங்களில் பின்னாளில் நடந்த வேதியியல் ஆய்வுகள், வான் ஐக்கும் அவர் காலத்தவரும் பெரும்பாலும் உலரும் எண்ணெயையே பயன்படுத்தினர் என்றும், முட்டை இருந்தால் அது அடிப்படலங்களோடு நின்றது என்றும் காட்டின. ஆகவே ஃபுக்ஸ் மீட்டெடுத்ததாகக் கருதப்பட்ட தொன்மை நுட்பம், உண்மையில் இருபதாம் நூற்றாண்டில் உருவான ஒரு மறுகட்டமைப்பு.

இந்த உண்மை ஃபுக்ஸின் சாதனையைக் குறைக்கிறதா என்ற கேள்வி எழலாம். வரலாற்றுச் சான்று என்ற அளவில் அந்த நம்பிக்கை தவறானது. பட்டறை முறை என்ற அளவில் அது முழுமையாகச் செயல்பட்டது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு படலமும் உலரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம், ஒரே உருவத்தைப் பலமுறை மீண்டும் வரைய வேண்டிய நிலையை ஓவியருக்கு உருவாக்கியது. ஒரு முகத்தை ஏழெட்டு முறை புதிதாக எழுப்பும் ஓவியர் ஒவ்வொரு முறையும் அதை மறுபரிசீலனை செய்கிறார். தரிசனம் என்பது ஒரு கணத்தில் தோன்றி மறைவதாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஃபுக்ஸின் பலகைகளில் அது மாதக்கணக்கில் திருத்தப்பட்டுத் தெளிவு பெற்றது.

7. ஜெபமாலை ஓவியங்கள்

இந்த முறை பொதுவெளியில் சந்தித்த கடும் சோதனை, வியன்னாவின் ஹெட்சென்டார்ஃப் பகுதியிலுள்ள ஜெபமாலை ஆலயத்துக்காக 1958க்கும் 1961க்கும் இடையில் தீட்டப்பட்ட மூன்று பலிபீட ஓவியங்களாகும். கத்தோலிக்கர் ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகள் அக்காலத்தில் பதினைந்தாக இருந்தன. மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று ஐந்தைந்தாக அவை பிரிக்கப்பட்டிருந்தன. ஃபுக்ஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஓவியம் என்று வகுத்துக்கொண்டு, பதப்படுத்திய தோலின்மீது அவற்றைத் தீட்டினார். விவிலியப் படிகளையும் தோரா சுருள்களையும் எழுதப் பயன்பட்ட பொருளையே ஓர் ஆலய ஓவியத்துக்குத் தேர்ந்ததில், யூத மரபும் கிறித்தவ மரபும் பொருளளவிலேயே ஒன்றுசேர்கின்றன.

ஐந்து நிகழ்வுகளை ஒரே பரப்பில் அமைக்க வேண்டியிருந்ததால், கதை வரிசையாக ஓடும் முறையைக் கைவிட்டு, பல நிகழ்வுகள் ஒரே கணத்தில் நிலைத்திருக்கும் அமைப்பை அவர் உருவாக்கினார். ஜெபமாலை சொல்பவரின் மனத்தில் நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வந்து ஒன்றோடொன்று கலக்கும் இயல்புக்கு இது பொருந்துவது. எனினும் இதமான, எளிதில் அடையாளம் காணத்தக்க புனிதர் படங்களுக்குப் பழகியிருந்த பங்கு மக்களில் பலர் இவற்றைக் கடுமையாக எதிர்த்தனர். நவீனத்துவர்களுக்கு மிகப் பழையதாகப் பட்ட ஓவியம் பக்தர்களுக்கு மிகப் புதியதாகப் பட்டது. பழைமைவாதி என்ற குற்றச்சாட்டுக்கு இந்த எதிர்ப்பே போதிய மறுமொழி: வழக்கத்தை மட்டும் திரும்பச் செய்யும் ஓவியம் வழிபாட்டு இடத்தில் எவரையும் கலங்கச் செய்வதில்லை.

8. 'காணாமற்போன பாணி' என்ற கோட்பாடு

1961ஐ ஒட்டி வியன்னாவுக்குத் திரும்பிய ஃபுக்ஸ், தம் அனுபவங்களை ஒரு கோட்பாடாக வகுத்து 1966இல் 'வானுலகக் கட்டடக்கலை' என்று பொருள்படும் லத்தீன் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். எல்லாப் பண்பாடுகளின் பாணிகளுக்கும் அடியில் ஒரு மூலப் பாணி மறைந்திருக்கிறது, அது வரலாற்றில் காணாமற்போய்விட்டது, தரிசனத்தின் வழியாக அதை மீண்டும் காண முடியும் என்பது அதன் சாரம். அவர் தீட்டிய கேருபீன்களின் சுருள் தாடியிலும் பெருவிழிகளிலும் அசீரியச் சிற்பத்தின் சாயலையும், ஸ்பிங்ஸ் வரிசையில் (1966–67) எகிப்திய, கிரேக்கச் சாயல்களையும் ஒருசேரக் காண முடிவது இந்தக் கோட்பாட்டின் விளைவு.

வரலாற்றுக் கூற்று என்ற முறையில் இதை ஏற்க இயலாது. தனித்தனிச் சமூகங்களில், தனித்தனித் தேவைகளுக்காகப் பிறந்த வடிவங்களை அவற்றின் சூழலிலிருந்து பிரித்தெடுத்து ஒரே மூலத்துக்கு உரிமையாக்கும்போது, ஒவ்வொன்றின் தனித்தன்மையும் அழிகிறது. தவிரவும், அந்த மூலப் பாணியாகத் தோன்றுவது பல இடங்களில் ஃபுக்ஸின் சொந்தப் பாணியாகவே இருக்கிறது. வளைந்தோடும் கோடும் பதிக்கப்பட்ட மணிக்கற்களும் பொன்னொளியும் 1900ஐ ஒட்டிய வியன்னாவின் அலங்காரக் கலையை, குறிப்பாகக் கிளிம்ட்டை, நினைவூட்டுகின்றன. ஆயினும் தன் நகரம் தன் இறந்தகாலத்தோடு கொண்டிருந்த தொடர்பு நாஜி ஆண்டுகளால் துண்டிக்கப்பட்டிருந்த நிலையில், இழந்த ஒரு தொடர்ச்சியைத் தேடிய தலைமுறையின் ஏக்கமாக இந்தக் கோட்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். கோட்பாட்டின் உண்மை எவ்வாறாயினும், சிம்சோன் வரிசை (1960–64), எஸ்தர் வரிசை ஆகியவற்றின் செதுக்கோவியங்களுக்குத் தேவையான மன உறுதியை அதன் பின்னிருந்த நம்பிக்கை வழங்கியிருக்கிறது. மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கச் செய்து அச்செடுக்கும் இந்த முறையில் தவறான கோட்டை எளிதில் அழிக்க முடியாது. அங்கே கோட்பாட்டுக்கு இடம் குறைவு. கைக்கே பொறுப்பு முழுவதும்.

9. வாக்னர் மாளிகையும் பிற்காலப் பெருக்கமும்

வியன்னாவின் ஹியூட்டல்டார்ஃப் பகுதியில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் 1880களில் தமக்காகக் கட்டிய மாளிகை, போருக்குப் பின் கவனிப்பாரற்றுச் சிதைந்து இடிக்கப்படும் நிலையில் இருந்தது. 1972இல் ஃபுக்ஸ் அதை வாங்கிச் சீரமைத்தார். 1988இல் அது அவர் பெயரிலான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நகரப் பாரம்பரியத்தின் ஒரு முக்கியச் சின்னத்தைக் காப்பாற்றியவர் என்ற முறையில் வியன்னா அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே சமயம் சுவர், தரை, அறைகலன் என்று எல்லாவற்றிலும் தம் வடிவங்களைப் பரப்பியதால், வாக்னரின் கட்டுப்பாடான வடிவமும் ஃபுக்ஸின் பொங்கும் அலங்காரமும் அங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்தக் காலத்திலிருந்து அவருடைய பணி எல்லாத் திசைகளிலும் விரிந்தது. மொஸார்ட், வாக்னர் ஆகிய இசையமைப்பாளர்களின் ஆப்பெராக்களுக்கு மேடை வடிவமைத்தார், சிற்பங்கள் செய்தார், 1982இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஓவியர் கார் வரிசைக்காக ஒரு காரில் தீச்சுடர்களைத் தீட்டினார். ஸ்பெயினின் ஃபிகெராஸ் நகரில் ஓவியர் டாலியின் அருங்காட்சியக முற்றத்தில் நிற்கும் காடிலாக் காரின்மேல் உயர்ந்து நிற்பது அவர் செய்த எஸ்தர் அரசியின் சிலையே. கிராட்ஸ் நகருக்கு அருகிலுள்ள தால் ஊரின் ஆலயத்துக்கு 1990களில் புதுவடிவம் கொடுத்தார். கிளாகன்ஃபுர்ட் நகரின் புனித எகித் ஆலயத்தில் திருவெளிப்பாட்டு நூலைக் கருப்பொருளாகக் கொண்ட ஒரு சிற்றாலயத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செலவிட்டுச் சுவரோவியங்களால் நிறைத்தார்.

உழைப்பின் காலமே தரிசனத்துக்கு வலிமை தருகிறது என்ற வாதத்துக்கு, இருபதாண்டுகள் எடுத்துக்கொண்ட இந்தச் சிற்றாலயம் ஒரு தடையாகத் தோன்றலாம். இங்கே கருத வேண்டியது மொத்தக் காலத்தை அல்ல, பரப்புக்கும் காலத்துக்கும் உள்ள விகிதத்தை. கையகலப் பரப்பில் பல வாரங்கள் செறிந்திருந்த இடத்தில், இப்போது சுவர்கள் முழுவதும் விரைந்த தூரிகையால் நிரப்பப்படுகின்றன. வண்ணம் உள்ளிருந்து ஒளிர்வதற்குப் பதிலாக மேலே பளிச்சிடுகிறது. கேருபீனின் இறகு ஒரு முறை காணப்பட்ட வடிவமாக இல்லாமல் பலமுறை பயன்படுத்தப்பட்ட வடிவமாக மாறுகிறது. மலினச் சுவை என்ற நவீனத்துவக் குற்றச்சாட்டு இந்தப் பிற்காலப் படைப்புகளில் ஒரு பகுதியைப் பொறுத்தவரை நியாயமானதே. அதை ஐம்பதுகள், அறுபதுகளின் பலகை ஓவியங்களுக்கும் செதுக்கோவியங்களுக்கும் நீட்டிப்பதுதான் தவறு.

10. வழிவந்தோர்

ஃபுக்ஸின் செல்வாக்கு அருங்காட்சியகங்களைவிடப் பட்டறைகளின் வழியாகவே அதிகம் பரவியது. 1950களில் பிரான்ஸில் அவரைச் சந்தித்துக் கலப்பு நுட்பத்தைக் கற்ற மட்டி கிளார்வைன் தீட்டிய ஓவியங்கள், 1970இல் மைல்ஸ் டேவிஸ், சான்டானா ஆகியோரின் இசைத்தட்டு உறைகளில் இடம்பெற்று உலகெங்கும் பரவின. கிளார்வைனிடமும் ஃபுக்ஸிடமும் பயின்ற ராபர்ட் வெனோசா, இங்கிலாந்தில் இயங்கிய பிரிஜிட் மார்லின் போன்றோர் அந்த முறையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றனர். 'ஏலியன்' திரைப்படத்தின் உயிரியை வடிவமைத்த சுவிஸ் ஓவியர் கீகரும் தம்மைப் பாதித்தவர்களுள் ஃபுக்ஸைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இன்று 'தரிசனக் கலை' என்ற பெயரில் பல நாடுகளில் இயங்கும் ஓவியர்களிடையே, உருவங்களும் குறியீடுகளும் எளிதில் பெருகுகின்றன. ஃபுக்ஸிடமிருந்து அவர்கள் பெற்ற மிகப் பயனுள்ள கொடை, கோட்பாட்டைவிடப் பலகையைத் தயாரித்து வெள்ளையை அடுக்கும் ஒழுக்கமே. குறியீட்டை எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஒழுக்கத்தைக் கற்றுத்தான் பெற வேண்டும்.

11. முடிவுரை

எர்ன்ஸ்ட் ஃபுக்ஸை ஞானி என்று போற்றுவதும் பழைமைவாதி என்று தள்ளுவதும் அவருடைய படைப்பின் ஒரு பாதியை மட்டுமே காண்கின்றன. அவர் நம்பிய தொன்மை நுட்பம் வரலாற்று நோக்கில் தவறானது. அவர் வகுத்த மூலப் பாணிக் கோட்பாடு ஆதாரமற்றது. அவருடைய பிற்காலப் பணியில் கணிசமானது தளர்வானது. இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகும், 1945 முதல் 1960களின் இறுதிவரை அவர் செய்த கோட்டோவியங்களும் செதுக்கோவியங்களும் பலகை ஓவியங்களும் ஜெபமாலை ஆலயத்தின் மூன்று ஓவியங்களும் போருக்குப் பிந்தைய ஐரோப்பியக் கலையின் முதன்மையான சாதனைகளுள் இடம்பெறத் தகுந்தவை. அழிவிலிருந்து தப்பிய ஒருவர், அழிக்க வந்தவர்கள் தமதென்று கொண்டாடிய மரபையே கருவியாக்கி, இரு சமயங்களின் உருவங்களை ஒரே ஒளியில் நிறுத்திக் காட்டினார் என்பது அவற்றின் வரலாற்றுப் பெறுமதி.

தரிசன ஓவியம் என்ற வகையை இனி ஆராய்பவர்களுக்கு ஃபுக்ஸின் வாழ்வும் பணியும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. ஓவியர் தம் அகக்காட்சியைப் பற்றிக் கூறுவதை அப்படியே ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. கோடு, படலம், பரப்பு ஆகியவற்றில் அந்தக் காட்சி எவ்வளவு பொறுப்போடு நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதை ஓவியம் ஓவியமாக நெருங்கிப் பார்த்து எடைபோட வேண்டும். அந்தச் சோதனையில் ஃபுக்ஸின் முற்காலப் படைப்புகள் தாமாகவே நிற்கின்றன. அவற்றைத் தாங்க எந்தக் கோட்பாடும் தேவைப்படுவதில்லை.